நான்காம் நிலைத் தனியாள்

பேராசிரியர் எஸ்கில் ராவ்ன் தனிமையில் வாடிக்கொண்டிருக்கிறார் என்ற விஷயம் அவருக்கே தபாலில்தான் தெரியவந்தது.

கடிதம் கிளிட்ஹாவ்ன் நகராட்சியின் தனிமை ஒழிப்புப் பிரிவிலிருந்து வந்திருந்தது. 'அன்புள்ள எஸ்கில்' என்று தொடங்கியது. மார்ச் பதினொன்றாம் தேதி காலை பத்து மணியிலிருந்து பத்தே முக்கால் வரை அவர் துறைமுகத்துப் பெஞ்சில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி, இடையிடையே உதட்டை அசைத்துக்கொண்டிருந்ததாக அக்கறையுள்ள குடிமகன் ஒருவர் தெரிவித்திருந்தார். 'பயப்படாதீர்கள். நீங்கள் தனியாக இல்லை. நாங்கள் இருக்கிறோம்' என்று கடிதம் முடிந்தது.

பயம் அதுவரை இல்லை. படித்த பிறகுதான் வந்தது. அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பல வருடமாகச் சரியாக அமையாத ஒரு வாக்கியம் அன்று அந்தப் பெஞ்சில் அமைந்தது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போகும் வழியில் புகைபோட்ட ஹெர்ரிங் மீன் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் போனார்.

எஸ்கிலுக்கு எழுபத்து நான்கு வயது. முப்பத்து மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். ஐயப்படுவது எப்படி என்று அறுநூறு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினார். நாற்பது பிரதி விற்றது. அதில் ஒன்பதை வாங்கியவர் அவருடைய மாமியார். அவர் சேர்ந்தபோது தத்துவத் துறைக்குத் தனிக் கட்டடம் இருந்தது. பிறகு அது ஒரு மாடியாகச் சுருங்கியது. பிறகு வணிக மேலாண்மைக்காரர்களோடு பங்கிட்டுக்கொண்ட ஒரு தாழ்வாரமானது. கடைசியில் 'மதிப்பு உருவாக்கம் மற்றும் தொடர்பாடல் மையம்' என்ற பலகைக்குப் பின்னால் மறைந்தே போனது. விடைபெறும் விழாவில் துறைத் தலைவர் அவரை மூன்று முறை 'எஸ்பென்' என்று அழைத்துப் பாராட்டி, பல்கலைக்கழக முத்திரை போட்ட குடை ஒன்றைக் கொடுத்தார். மாணவர்களிடையே அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: ராவ்னிடம் மணி கேட்டால், காலம் என்று எதைச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்பார். முப்பத்து மூன்று வருடத்தில் எவருக்கும் எந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொன்னதில்லை. அதுதான் அவர் பெருமை என்று பல்கலைக்கழகம் கருதியது. அவரும் அப்படித்தான் கருதினார்.

ஓய்வு பெற்றதும் மனைவியின் சொந்த ஊரான கிளிட்ஹாவ்னுக்கு வந்தார். ஆறு வருடத்துக்கு முன் மனைவி போய்ச் சேர்ந்தாள். ஊர் மிஞ்சியது.

கடிதம் வந்த நான்காம் நாள் பெர்னிலே வந்தாள். முப்பது வயதிருக்கும். தனிமை ஒழிப்புப் பிரிவின் உடனிருப்பாளர் என்று கழுத்து அட்டையில் போட்டிருந்தது.

"வணக்கம் எஸ்கில்! கட்டிப்பிடிக்கலாமா, கை குடுக்கலாமா, இல்ல சும்மா தலையை ஆட்டிக்கலாமா? உங்களுக்கு எது வசதியோ அது."

எஸ்கில் தலையாட்டுவதைத் தேர்ந்தெடுத்தார். அவள் கைக்கணினியில் எதையோ குறித்துக்கொண்டாள்.

"போன வாரத்துல எத்தனை தடவை தனியா உணர்ந்தீங்க?"

"தனியா இருக்கிறது வேற, தனிமையா உணர்றது வேற. நீங்க எதைக் கேக்கிறீங்க?"

"ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான் இருக்கு."

"அப்போ அந்தக் கட்டம் தப்பு."

"மூணாவது கேள்வி. மனசுல உள்ளதைச் சொல்றதுக்கு உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"மனசுல என்ன இருக்குன்னு முதல்ல எனக்குத் தெரியணுமே, அம்மா."

பெர்னிலே அவர் முழங்கைக்கு இரண்டு விரல்கடை மேலே மெதுவாகத் தொட்டாள். எந்த இடத்தில் தொட வேண்டும், எத்தனை வினாடி தொட வேண்டும் என்று அவளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கேள்விகள் முடிந்தபோது எஸ்கில் நான்காம் நிலையில் இருந்தார்.

"மொத்தம் எத்தனை நிலை?"

"அஞ்சு."

"அஞ்சாவதுல யார் இருப்பாங்க?"

"தெரியல. அவங்க கதவைத் திறக்க மாட்டாங்க."

எஸ்கில் கொஞ்சம் கலங்கிவிட்டார். தான் தனியாள் இல்லை என்று நிரூபிக்க அவரிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அதைச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் நூலகத்துப் பின் அறையில நாங்க கூடிப் பேசுவோம். ஒன்பது வருஷமா."

பெர்னிலேயின் முகம் மலர்ந்தது. "அடடா, அருமை! பதிவு எண் என்ன?"

அப்படி ஒரு எண் இருக்கவில்லை.

*

வியாழக்கிழமைக் கூட்டம் என்பது மூன்று பேர். எஸ்கில் ஒருவர். இரண்டாவது ஆள் ஹோல்கர். படகுத்துறையில் எஞ்சின் பழுது பார்த்தவர். எஞ்சின் இரைச்சலில் இடது காது போய்விட்டது. செவிட்டுக் காதைப் பேராசிரியர் பக்கம் வைத்துத்தான் எப்போதும் உட்காருவார். மூன்றாவது ஆள் குட்ரூன். மருத்துவச்சியாக இருந்தவள். எழுபத்தொன்பது வயது. அந்த வட்டாரத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேரை முதலில் தலைகீழாகப் பிடித்துத் தட்டியவள் அவள்தான். ஃப்ளாஸ்கில் காபி கொண்டுவருவதும் அவள்தான்.

பேசியது என்னவோ ஊர்ப்பட்ட விஷயம். ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால், பனி கொட்டிச் சாலை அடைத்துக் கிடந்த ஒரு ஜனவரிக் காலையில், ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் குட்ரூன் ஒரு பிரசவம் பார்த்தாள். தாய்க்கு இருபத்து நான்கு வயது, பெயர் தோவே. குழந்தை மாதம் நிறையாமல் வந்தது. தாய் ரத்தம் நிற்காமல் மயங்கிவிட்டாள். குழந்தை ஏழு நிமிடம் உயிரோடிருந்து, குட்ரூன் கையில் அடங்கியது. கண் விழித்த தோவே, "அழுதானா?" என்று கேட்டாள். குட்ரூன், "இல்லம்மா, வரும்போதே உயிர் இல்ல" என்றாள். வாழவே வாழாத பிள்ளையைப் புதைப்பது சுலபம் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. பதிவேட்டிலும் அப்படியே எழுதினாள். கல்லறையில் பெயரில்லாத சின்னக் கல் ஒன்றை நட்டார்கள்.

தோவே இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறாள். போய்ச் சொல்வதா, விடுவதா என்பதுதான் குட்ரூனின் கேள்வி.

"விட்டுத் தொலை" என்பது ஒன்பது வருடமாக ஹோல்கரின் கட்சி. எஸ்கிலுக்குக் கட்சி கிடையாது. உண்மைக்கு நாம் பட்ட கடன் என்ன, கருணைக்கு அதில் எவ்வளவு தள்ளுபடி, தெரியாதவரிடமிருந்து எடுத்ததைத் திருட்டு என்று சொல்லலாமா என்று மாற்றி மாற்றி அழகாகப் பிரித்து வைப்பார். குட்ரூன் ஒரு கேள்வியோடு வந்து நாலு கேள்வியோடு வீட்டுக்குப் போவாள்.

அந்த வசந்தத்தில் அவள் கணையத்தில் கட்டி இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். "இந்த வருஷம் ஜூன்ல ஊரே கூடி மூட்டுற நடுக்கோடை நெருப்பைப் பாக்கிறது சந்தேகம்தான்" என்று காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அதனால ப்ரொபசரே, அடுத்த வாரம் எனக்குப் பதில் வேணும். கேள்வி வேண்டாம்."

அடுத்த வாரம் நூலகத்துப் பின் அறையில் நாலாவது நாற்காலி ஒன்று போட்டிருந்தது. அதில் பெர்னிலே இருந்தாள். கூட்டம் பதிவு செய்யப்பட்டுவிட்டது. அதற்கு 'இதயம் திறக்கும் வியாழன்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

"ரொம்பச் சின்ன விதிகள்தான்" என்றாள் பெர்னிலே. சிவப்புக் கம்பளியில் தைத்த இதயம் ஒன்றை மேசையில் வைத்தாள். "இது யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணும். மூணு நிமிஷம். இதோ மணல் கடிகாரம். மத்தவங்க மறுத்துப் பேசக்கூடாது. மறுக்கிறது ஒருத்தரை ஒதுக்கிவைக்கிற மாதிரி. 'ஆமா, அதோட கூட' அப்படின்னு ஆரம்பிச்சுப் பேசலாம். அப்புறம் இந்த வண்ண அட்டைகள். மஞ்சள் சந்தோஷம், நீலம் ஏக்கம், பச்சை நன்றி."

ஹோல்கர் தன் நல்ல காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

குட்ரூன் கம்பளி இதயத்தை எடுத்தாள். பிரசவத்துக்கு வெந்நீர் கேட்பது போன்ற குரலில் சொன்னாள்.

"நான் ஒரு தாய்கிட்டப் பொய் சொன்னேன். அவ பிள்ளை ஏழு நிமிஷம் உயிரோட இருந்தான். இல்லவே இல்லன்னு சொல்லிட்டேன். இப்ப நான் சாகப்போறேன். போய்ச் சொல்லணுமா வேண்டாமா? இந்த மனுஷன் இன்னைக்கு வாயைத் திறந்து பதில் சொல்லியாகணும்."

மணல் இன்னும் பாதி கூட இறங்கவில்லை. பெர்னிலே வெளிறிப்போயிருந்தாள். ஆனால் பயிற்சி கைகொடுத்தது.

"ரொம்ப அழகான பகிர்வு, குட்ரூன். இதுக்குள்ள என்ன நிறம் இருக்குன்னு நினைக்கிறீங்க?"

"கறுப்பு இருக்கா?"

"கறுப்பு அட்டையைப் போன வருஷமே எடுத்துட்டாங்க."

குட்ரூன் இதயத்தை எஸ்கில் மடியில் எறிந்தாள். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "முதல்ல, 'சொல்லணும்'ங்கிற வார்த்தையில ரெண்டு வகையான கட்டாயம் இருக்கு" என்று ஆரம்பித்தார். முதல் வகையின் உட்பிரிவுக்கு வரும்போது மணல் தீர்ந்துவிட்டது. நேரம் முடிந்தது என்று பெர்னிலே சொன்னாள். அந்தக் கணத்தில் தன் மனதில் ஒரு சின்ன நிம்மதி எழுந்ததை எஸ்கில் கவனித்தார். அதைப் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

ஹோல்கர் எழுந்து, கம்பளி இதயத்தைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு, "போதும்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

இரண்டு நாளில் மூன்று பேருக்கும் கடிதம் வந்தது. தகுதி பெற்ற பணியாளர் இன்றிக் கனமான பொருள் பேசப்பட்டதாலும், நகராட்சிக்குச் சொந்தமான இதயம் ஒன்று திரும்ப ஒப்படைக்கப்படாததாலும், கூட்டம் எட்டு வாரம் நிறுத்திவைக்கப்பட்டது. கூடவே குட்ரூனையும் பரிசோதித்து, அவளும் நான்காம் நிலை என்று முடிவு செய்திருந்தார்கள். ஹோல்கருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்குக் கத்துகிற மனைவி இருந்தாள்.

"நூலகம் போனா போகுது, என் சமையல்கட்டுல பேசலாம்" என்றார் எஸ்கில். அப்படித்தான் முடிவானது. ஆனால் அந்த வியாழக்கிழமை வருவதற்குள் குட்ரூன் குளியலறையில் விழுந்துவிட்டாள். நகராட்சியின் முதியோர் இல்லத்தில், திரும்பி வராதவர்களுக்கான மேல் மாடியில் அவளைச் சேர்த்தார்கள்.

*

எஸ்கில் பூக்கூடப் பறித்துக்கொண்டு போனார். வரவேற்பில் இருந்த பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நீங்க பார்வையாளர் பட்டியல்ல வரமாட்டீங்க, எஸ்கில். நீங்க நாலு. அவங்களும் நாலு."

"அதனால?"

"தனியாளுக்குத் தனியாள் துணையா இருக்க முடியாது. விதி அது."

"பூவையாவது குடுப்பீங்களா?"

"பூ குடுக்கலாம்."

அவர் நேராகத் தனிமை ஒழிப்புப் பிரிவின் இயக்குநரைப் பார்க்கப் போனார். யானிக் என்று பெயர். நாற்பத்தைந்து வயது, வெள்ளை ரப்பர் ஷூ, அறையில் நாற்காலிகளுக்குப் பதிலாகப் பெரிய பெரிய பந்துகள். ஒரு பந்தில் எஸ்கிலை உட்காரவைத்தார். பேச்சு முழுக்க எஸ்கில் விழாமல் இருப்பதிலேயே பாதிக் கவனத்தைச் செலவிட வேண்டியிருந்தது.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது எஸ்கில், நிஜமாவே புரியுது. ஆனா பூஜ்யத்தோட பூஜ்யத்தைக் கூட்டினா என்ன வரும்? பூஜ்யம். ஆராய்ச்சி இருக்கு."

"யார் பண்ணின ஆராய்ச்சி?"

"நாங்கதான்" என்றார் யானிக் பெருமையோடு. "இந்தப் பிரிவு ஆரம்பிச்சப்போ இந்த ஊர்ல மொத்தமே பதினேழு தனியாட்கள்தான். இன்னைக்கு நானூத்திப் பன்னண்டு! ஆறே வருஷத்துல! பக்கத்து நகராட்சிக்காரங்க இருநூத்தைத் தாண்டத் திணறுறாங்க. இத்தனை பேருக்கு, தான் தனியாங்கிற விஷயமே தெரியாம இருந்துச்சு. நாங்க இல்லன்னா இன்னைக்கும் தெரிஞ்சிருக்காது."

"அந்த அம்மா சாகப்போறாங்க. நான் அவங்ககூடப் பதினஞ்சு நிமிஷம் பேசணும். அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் உடனிருப்பாளர் இருக்காங்களே! திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், காலைல ஏழு மணிலேர்ந்து சாயங்காலம் மூணு வரைக்கும். எல்லாரும் பயிற்சி எடுத்தவங்க. நீங்க என்ன பயிற்சி எடுத்திருக்கீங்க?"

எஸ்கில் தன் முப்பத்து மூன்று வருடத்தை நினைத்துப் பார்த்தார்.

"நான் சனி ஞாயிறு கூட இங்கதான் கிடக்கேன்" என்று யானிக் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "வீட்டுக்குப் போய் என்ன பண்ணச் சொல்றீங்க? அங்க யாரு இருக்கா?" சட்டென்று நிறுத்தி, மேசையிலிருந்த தாளை நேராக்கினார். "ஒரு வழி இருக்கு. நீங்க ரெண்டாம் நிலைக்கு இறங்கிட்டீங்கன்னா யாரை வேணும்னாலும் பாக்கலாம். நாப்பது துணைப் புள்ளி சேர்க்கணும். சாட்சியோட. செவ்வாய்க்கிழமை விட்டுச் செவ்வாய்க்கிழமை சான்றிதழ் விழா நடக்கும். அதுல ஒண்ணுல வாங்கிடலாம்."

ஆக, ஐயத்தின் அறுநூறு பக்கங்களை எழுதிய கை அந்த மாதம் நாற்காலி நடனத்தில் ரிப்பன் சுழற்றியது. அதற்கு மூன்று புள்ளி. கூட்டுச் சூப்புக்குக் கேரட் நறுக்கினார், இரண்டு புள்ளி. முன்பின் அறியாத ஒருவரின் கண்களை நான்கு நிமிடம் உற்றுப் பார்க்கும் பயிற்சியில் அவருக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவரும் புள்ளிக்காகத்தான் வந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி வினாடிகளை எண்ணினார்கள். சிரிப்புப் பட்டறையில் விசில் ஊதியதும் சிரிக்க வேண்டும், மறுபடி ஊதும்வரை நிறுத்தக்கூடாது. எஸ்கில் சிரித்தார். இருபது நிமிடம் சிரித்தார். பாதியில் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது, நிறுத்த முடியவில்லை. பயிற்சியாளர் அவர் அட்டையில் 'மிகச் சிறப்பு' என்று எழுதி ஒரு புள்ளி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார்.

ஒவ்வொரு நாளும் மாலை ஹோல்கர் முதியோர் இல்லத்திலிருந்து செய்தி கொண்டுவந்தார். "உன்னைத்தான் கேக்கிறா. வேற ஒண்ணும் பேசல. போன்ல பேசலாம்னா அவளால அதைப் பிடிக்கவே முடியல." எஸ்கில் பதினோரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினார். ஹோல்கர் மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"படிச்சுக் காட்டினேன் வாத்தியாரே. ரெண்டு பக்கம் கேட்டா. 'முன்னுரை முடிஞ்சதும் எழுப்பு'ன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டா."

முப்பத்தொரு புள்ளி சேர்ந்திருந்தபோது குட்ரூன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஹோல்கர் சமையல்கட்டு வாசலில் தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.

"இங்க பாரு. நம்ம ட்ரோல்ஸுக்கு அனுமதி இருக்கு."

"யாரு?"

"நாய்ப்பா. என் பெண்டாட்டியோட நாய். நோயாளிகளைப் பாக்கிற நாயா அதைப் பதிவு பண்ணி வச்சிருக்கா. பரீட்சையெல்லாம் எழுதி, தொண்ணூத்தாறு மார்க். அது உள்ள போனா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. வாரைப் பிடிக்கிற ஆள் பார்வையாளர் கணக்குல வரமாட்டான்."

அப்படியாகத்தான் பேராசிரியர் எஸ்கில் ராவ்ன் ஒரு பழுப்பு நிறக் கிழட்டு நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு மேல் மாடிக்குப் போனார். வரவேற்புப் பெண் நாயின் பெயரை எழுதி, நாயின் கழுத்தில் பார்வையாளர் அட்டையை மாட்டினாள்.

குட்ரூன் தலையணைக்குள் பாதி மறைந்திருந்தாள். நாய் கட்டிலில் ஏறி அவள் காலடியில் சுருண்டது.

"வந்துட்டியா. யார் பேர்ல?"

"நாய் பேர்ல."

அவள் சிரித்தாள். சிரித்தது வலித்தது, வலி அடங்கும்வரை காத்திருந்தாள். "எத்தனை நிமிஷம் குடுத்திருக்காங்க?"

"பதினஞ்சு."

"அது போதும். ஒரு வார்த்தைக்கு எதுக்கு அதுக்கு மேல?"

அவருக்கு வாய்வரை வந்தது: அதை எந்தக் கோணத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து. முப்பத்து மூன்று வருட வாக்கியங்கள் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன. அவள் கை போர்வை மேல் கிடந்தது. மஞ்சளித்து, எலும்பு எண்ணும்படி இருந்தது. ஏழு நிமிடம் அந்தப் பையன் இருந்தது அந்தக் கையில்தான். எஸ்கில் வாயை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார்.

"சொல்லணும்."

குட்ரூன் கண்ணை மூடினாள். மூடிய கண்ணோடே பேசினாள்.

"ஒன்பது வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தா நானே நடந்து போயிருப்பேன்டா பாவி. இப்ப நீதான் போகணும்."

"நானா?"

"பின்ன நாயா? வெஸ்டர் தெருவுல கடைசி வீடு. நாத்துப் பண்ணையில வேலை, அஞ்சு மணிக்கு வந்துடுவா. எத்தனை தடவை அந்த வேலி வரைக்கும் போய்ச் சைக்கிளைத் திருப்பிக்கிட்டு வந்திருக்கேன் தெரியுமா? சொல்லு, மூணு தடவை அழுதான். நல்ல சத்தமா. வலது காது மேல ஒரு சின்ன மடிப்பு. அதையும் சொல்லு. இன்னைக்கே போ."

"செவ்வாய்க்கிழமை என் சான்றிதழ் வந்துடும், குட்ரூன். அதுக்கு முன்னாடி மிச்சப் புள்ளியை முடிச்சுடுவேன். அதை வாங்கிட்டு அவங்ககிட்டப் போனா, என்ன சொன்னாங்கன்னு உன்கிட்டயே வந்து சொல்லலாம். முறையா, என் பேர்ல."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"உன் இஷ்டம்" என்றாள்.

தாதி கதவைத் தட்டி, நாயின் நேரம் முடிந்தது என்றாள்.

சனிக்கிழமை அவர் வெஸ்டர் தெருவுக்குப் போகத்தான் செய்தார். வேலி வரை போனார். சமையலறையில் விளக்கு எரிந்தது. யாரோ தட்டு கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டார்.

*

செவ்வாய்க்கிழமை நகராட்சி மண்டபத்தில் கொடியெல்லாம் கட்டி, மேசை நிறைய இலவங்கப்பட்டை ரொட்டி அடுக்கியிருந்தது. யானிக் மேடையில் வெள்ளை ஷூவோடு நின்றார். பின்னால் திரையில் ஒரு வரைபடம்.

"நண்பர்களே! ஆறு வருஷமா இந்தக் கோடு மேல மேல போய்க்கிட்டிருந்துச்சு. அது எங்க உழைப்பு. ஆனா ஏறினா மட்டும் போதுமா, இறங்கவும் வேண்டாமான்னு சில பேர் கேட்டாங்க. அவங்களுக்கு இன்னைக்குப் பதில் சொல்றேன். இதோ!" திரையில் கோட்டின் நுனி கீழ்நோக்கி மடங்கியது. "நானூத்திப் பன்னண்டுலேர்ந்து நானூத்திப் பத்து! ஒரே வாரத்துல ரெண்டு பேர் தனிமையிலேர்ந்து விடுதலை! அதுல ஒருத்தர் இதோ, நம்ம எஸ்கில்! வாங்க எஸ்கில்!"

கைதட்டினார்கள். எஸ்கில் மேடையேறினார். சான்றிதழில் அவர் பெயரைச் சுற்றிக் கைகோத்த பொம்மை மனிதர்களை அச்சடித்திருந்தார்கள்.

"இன்னொருத்தர் யாரு?" என்று கேட்டார்.

யானிக் மூன்றாவது வரிசைக்குக் கைகுலுக்கப் போய்விட்டார். பெர்னிலேதான் அருகில் வந்தாள். இந்த முறை அவரை எந்த இடத்திலும் தொடவில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"குட்ரூன். இன்னைக்குக் காலைல ஆறரைக்கு."

மண்டபத்தில் யாரோ அக்கார்டியன் வாசிக்கத் தொடங்கினார்கள்.

"அது தானாவே கணக்குல ஏறிடுது, எஸ்கில். அதை எடுங்கன்னு கேட்டேன். விழா முடியற வரைக்குமாவது எடுங்கன்னு கெஞ்சினேன். எடுக்க முடியாதுன்னுட்டாங்க."

"கூட யாராவது இருந்தாங்களா?"

"உடனிருப்பாளர் ஏழு மணிக்குத்தான் வருவாங்க."

எஸ்கில் படியிறங்கினார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, ரொட்டி மேசையைக் கடந்து, கதவைத் தள்ளித் திறந்தார். பின்னால் ஒலிபெருக்கியில் யானிக்கின் குரல் கேட்டது: "பாருங்க, பாருங்க! உக்காரக்கூட இல்ல! மக்களைத் தேடிப் போறார்!" மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

வெஸ்டர் தெருக் கடைசி வீட்டின் வேலிக்கு வந்தபோது மணி நாலரை. அவர் அந்த முறை திரும்பவில்லை, உள்ளே போய் வாசற்படியில் காத்திருந்தார். ஐந்தேகாலுக்குத் தோவே சைக்கிளில் வந்தாள். அறுபத்தைந்து வயது, ஒடிசலான உடம்பு, நகக்கண்ணெல்லாம் மண். அவர் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தாள்.

"நகராட்சியா? எனக்கு ஒண்ணும் வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"இல்லீங்க. குட்ரூன் அனுப்பினாங்க. மருத்துவச்சி."

"அவங்க போயிட்டாங்கன்னு கடையில சொன்னாங்களே."

"போறதுக்கு முன்னாடி அனுப்பினாங்க."

அவர் சொன்னார். எந்த உட்பிரிவும் இல்லாமல் சொன்னார். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. பிள்ளை உயிரோடு வந்தான். ஏழு நிமிடம் இருந்தான். மூன்று முறை சத்தமாக அழுதான். வலது காது மேல் ஒரு சின்ன மடிப்பு.

தோவேயின் கை மெல்ல மேலே போய்த் தலைமுடிக்குள் நுழைந்து தன் வலது காதைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"உங்களுக்கு இது எத்தனை நாளாத் தெரியும்?"

"ஒன்பது வருஷமா."

"ஒன்பது வருஷமா என்ன பண்ணீங்க?"

"பேசிக்கிட்டிருந்தோம்" என்றார் எஸ்கில். "மூணு பேர். உங்ககிட்டச் சொல்லலாமா கூடாதான்னு. வியாழக்கிழமை வியாழக்கிழமை. நூலகத்துப் பின் அறையில."

அவள் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். அது சரிந்தது. மறுபடி நிமிர்த்திச் சாய்த்தாள்.

"நான் வியாழக்கிழமைதான் நூலகத்துக்கு வருவேன்" என்றாள். "புத்தகம் மாத்த. பின்னாடி அறையில யாரோ சத்தமாப் பேசிச் சிரிப்பாங்க. கதவு சாத்தியிருக்கும், காபி வாசனை வரும். ஒரு தடவை கதவைத் தட்டிப் பாக்கலாமான்னுகூட நினைச்சேன். என்னத்தைச் சொல்லித் தட்டறதுன்னு தெரியல."

எஸ்கில் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வேண்டாம்" என்றாள் தோவே. "நீங்க இனிமே ஒண்ணும் பேச வேண்டாம்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. எஸ்கில் படியில் அப்படியே நின்றார். பிறகு உள்ளே அவள் ஒரு பையனின் பெயரைச் சொல்வது கேட்டது. மாடியில் இருக்கும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போலச் சத்தமாக. சற்றுப் பொறுத்து, இன்னொரு முறை.